எந்தப் படம் எதைக் காட்டியது? நீரிழிவு விழித்திரை நோயில் ஒரு நிகழ்வு ஆய்வு

நீரிழிவு நோயாளியின் விழித்திரையைப் படமெடுக்க இன்று பல வழிகள் இருக்கின்றன. இவற்றில் எது சிறந்தது என்று மாணவர்கள் கேட்கிறார்கள், கருவி வாங்கப்போகும் மருத்துவர்களும் கேட்கிறார்கள். கீழே வரும் நிகழ்வில் ஒரே மனிதரின் இரண்டு கண்களும் ஏறக்குறைய எல்லா முறைகளிலும் படமெடுக்கப்பட்டன. முதல் படம் சந்தேகித்த கண் பின்னர் எடுத்த படத்தில் தப்பித்தது. முதல் படம் பேசாமல் விட்ட கண்ணில்தான் உண்மையான ஆபத்து இருந்தது. ஒவ்வொரு படத்தின் கீழும் 'என்ன தெரிந்தது' என்று எழுதுகிறோம். 'எதுவரை பார்த்தோம்' என்பதையும் எழுதியாக வேண்டும் என்பதற்காகத்தான் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டேன்.

இது ஒரு தனி மனிதரின் கோப்பு அல்ல. இதே நிலையில் வருபவர்களிடம் வழக்கமாகக் காண்பவற்றை ஒன்றாக்கிக் கற்பித்தலுக்காக அமைத்த நிகழ்வு. நோயாளியைப் பற்றிய எண்களும் அப்படி அமைந்தவையே. மேற்கோளாக வரும் ஆய்வுகள் பதிவில் உள்ளவை.

நோயாளி

54 வயது ஆண். கணக்கெழுதும் வேலை. இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்டு 13 ஆண்டுகள். சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 9.1 சதவீதம், இரத்த அழுத்தம் 152/94, சிறுநீரில் ஆல்புமின் கசிவு உண்டு. கண்ணாடி போட்டால் பார்வை வலது கண்ணில் 6/6 (இயல்பு), இடது கண்ணில் 6/9 (சற்றுக் குறைவு). இரண்டிலும் தொடக்கநிலைக் கண்புரை. இதுவரை விழித்திரைப் பரிசோதனை செய்துகொண்டதே இல்லை. வகை இரண்டு என்றால் நோய் கண்டறிந்த உடனேயே முதல் பரிசோதனை செய்ய வேண்டும், பிறகு ஆண்டுதோறும். இவருக்குக் கண்ணில் குறை எதுவும் தோன்றாததால் அந்தப் பேச்சே எழவில்லை.

"பார்வை நன்றாகத்தானே இருக்கிறது டாக்டர், பிறகு எதற்கு இத்தனை படம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எழுத்துப் பலகை சோதிப்பது விழித்திரையின் நடுவே சுமார் 1.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள மையப் பள்ளத்தை மட்டும்தான். அதைச் சுற்றியுள்ள பரப்பு முழுவதும் பட்டினி கிடந்தாலும் பலகையின் கடைசி வரி தெளிவாகவே தெரியும்.

முதல் படம்: கண் பாப்பாவை விரிக்காமல்

அவருக்குச் சர்க்கரை நோய் பார்க்கும் மருத்துவரின் இடத்திலேயே முதல் படங்கள் எடுக்கப்பட்டன. கண்ணுக்குள் ஒளி புகும் துளையான பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விடாமல், கண்ணின் பின்சுவரைப் படமெடுக்கும் சாதாரண ஃபண்டஸ் கேமராவில், ஒவ்வொரு கண்ணுக்கும் 45 டிகிரியில் ஒரு படம். வலது கண்ணின் படம் நன்றாக வந்திருந்தது. அங்குமிங்கும் சில நுண்குமிழ்கள் (நுண்குழாய்ச் சுவரின் புடைப்புகள்), நான்கைந்து புள்ளி இரத்தக்கசிவுகள். விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவுக்கு வெளிப்புறமாக, மையத்திலிருந்து பார்வை நரம்பு வட்டின் விட்டத்துக்குள், மஞ்சளாக ஒரு பிறை. இது கொழுப்புப் படிவு. இடது கண்ணின் படத்தில் கீழ்ப்பாதி இருண்டிருந்தது. தெரிந்த மேல்பாதியில் இரண்டு நுண்குமிழ்கள் மட்டும்.

அனுப்பப்பட்ட குறிப்பு: 'வலது கண்ணில் மாகுலா வீக்கம் இருக்கலாம். இடது கண் தரப்படுத்த முடியவில்லை.'

இந்த இரண்டாவது வாக்கியத்தை எழுதியவர் யாராக இருந்தாலும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். தெரிந்த அரைப் படத்தை வைத்து 'இலேசான நோய், ஓராண்டு கழித்து வரவும்' என்று எழுதிவிடுவது மிக எளிது. ஒழுங்காக நடக்கும் பரிசோதனைத் திட்டங்களில் தேறாத படமும் மேல் பரிசோதனைக்கு அனுப்பப்பட வேண்டிய ஒரு முடிவுதான். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவரின் பாப்பா இருட்டிலும் போதுமான அளவு விரிவதில்லை. கண்புரையும் சேர்ந்தால் படம் மங்கும். அதாவது, நோய் அதிகமாக இருக்க வாய்ப்புள்ளவரின் படம்தான் கெட்டுப்போக வாய்ப்பும் அதிகம். தேறாத படங்களைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டு ஒரு கேமராவின் திறமையைச் சொன்னால், அந்த எண்ணை நம்புவதற்கில்லை.

விரித்த பிறகு

டிராபிகமைடு சொட்டு விட்டுச் சற்றுக் காத்திருந்து, மாகுலாவை நடுவில் வைத்து ஒன்று, பார்வை நரம்பு வட்டை நடுவில் வைத்து ஒன்று என இரண்டு படங்கள் மீண்டும் எடுத்தோம். இங்கிலாந்தின் தேசியத் திட்டம் பின்பற்றுவது இந்த முறையைத்தான். பாப்பாவை விரித்து, கண்ணுக்கு இரண்டு படங்கள். 2003-இல் தொடங்கிய அந்தத் திட்டம் நாடு முழுக்கப் பரவிய பிறகு, உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதற்காரணம் என்ற இடத்திலிருந்து நீரிழிவு விழித்திரை நோய் இறங்கிவிட்டது. குறைந்தது ஐம்பது ஆண்டுகளில் இப்படி நடந்தது இதுவே முதல் முறை என்று 2014-இல் வெளியான ஆய்வு சொன்னது. சிகிச்சையும் சர்க்கரைக் கட்டுப்பாடும் மேம்பட்டதற்கும் அதில் பங்கு உண்டு. ஆனாலும் மிக எளிய கேமராவை எல்லோருக்கும், தவறாமல், ஆண்டுதோறும் பயன்படுத்தினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. விலை உயர்ந்த கருவிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இடது கண் இப்போது தெளிவாகத் தெரிந்தது. நான்கு கால்பகுதிகளிலும் நுண்குமிழ்களும் இரத்தக்கசிவுகளும் இருந்தன, ஆனால் கடும்நிலை என்று சொல்லும் அளவுக்கு இல்லை. பன்னாட்டு வகைப்பாட்டின்படி இது நடுத்தர நிலை. கொழுப்புப் படிவு ஒன்றுகூட இல்லை. மாகுலா தட்டையாகவும் சாதுவாகவும் தெரிந்தது. படத்தோடு நின்றிருந்தால் வலது கண்ணுக்கு அவசரம், இடது கண்ணுக்கு ஆறு மாதம் என்று எழுதியிருப்போம்.

கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் விளக்கில் 90 டயாப்டர் வில்லையை வைத்து இரண்டு கண்களாலும் பார்த்தபோது இடது மாகுலாவில் சற்றுத் தடிப்பு இருப்பதுபோல் தோன்றியது. 'இருப்பதுபோல்' என்பதற்கு மேல் எழுதத் துணிவு வரவில்லை. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் கண்ணுக்குள் பார்க்கும் தன் கருவியான ஆப்தால்மாஸ்கோப்பைப் பற்றி எழுதியதிலிருந்து மருத்துவர்கள் கண்ணுக்குள் நேரடியாகப் பார்த்து வருகிறார்கள். அனுபவசாலியின் கண் இன்றும் மதிப்புள்ளதுதான். ஆனால் கையில் பிடிக்கும் நேரடி ஆப்தால்மாஸ்கோப் ஒரு நேரத்தில் காட்டுவது சில டிகிரிகள் மட்டுமே. அதை வைத்து 'விழித்திரை இயல்பு' என்று மருத்துவச் சீட்டில் எழுதுவதை நாம் எப்போதோ விட்டிருக்க வேண்டும்.

தடிப்பை அளந்தபோது

தட்டையான படத்தில் வீக்கம் தெரியாது. வீக்கம் என்பது தடிப்பு. தடிப்பைப் பார்க்க மூன்றாம் பரிமாணம் வேண்டும். நீரிழிவு விழித்திரை நோய்க்கான பழைய பெரும் ஆய்வுகளில் 30 டிகிரி அளவில் ஏழு இடங்களை எடுத்தபோது, ஒவ்வொன்றையும் சற்று விலகிய இரண்டு கோணங்களில் இரட்டைப் படமாக எடுத்தது இதனால்தான். தரப்படுத்துபவர் அதற்கென்று உள்ள கண்ணாடி வழியே பார்த்து மேடு பள்ளத்தை உணர்வார். அன்றாட மருத்துவத்தில் அந்தப் பொறுமைக்கு இடமில்லை. எனவே ஒற்றைப் படத்தில், மையத்துக்கு அருகே கொழுப்புப் படிவு இருந்தால் வீக்கமும் இருக்கலாம் என்று ஊகிக்கும் வழக்கம் வந்தது. படிவு என்பது கசிந்த நீர் வற்றிய பிறகு மிஞ்சும் கொழுப்பும் புரதமும். நீர் இன்னும் இருக்கிறதா, வற்றிவிட்டதா என்பதை அது சொல்வதில்லை.

1991-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த குழு வெளியிட்ட ஓ.சி.டி. முறை இந்த ஊகத்துக்கு முடிவு கட்டியது. அகச்சிவப்பை ஒட்டிய ஒளியைக் கண்ணுக்குள் செலுத்தி, திரும்பி வரும் ஒளியை ஒப்புநோக்குக் கதிரோடு குறுக்கிடச் செய்து, எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு ஒளி திரும்பியது என்று கணக்கிடுகிறது. விழித்திரையை வெட்டாமலேயே குறுக்குவெட்டுத் தோற்றம் கிடைக்கிறது. தொடக்ககாலக் கருவிகள் நொடிக்குச் சில நூறு கோடுகளைப் படித்தன. இப்போதுள்ளவை பல்லாயிரம் கோடுகளைப் படிக்கின்றன. ஆழத்தில் சில மைக்ரான் வேறுபாடுகூடப் பிரிந்து தெரியும்.

வலது கண்: மையத் தடிப்பு 262 மைக்ரான். மஞ்சள் பிறை இருந்த இடத்தில், வெளிப்புறப் பின்னல் அடுக்கில் பளிச்சென்ற மணிகள், அவற்றின் கீழே நிழல். நீர்க்குமிழ் இல்லை. மையப் பள்ளத்தின் வளைவு அழகாக அப்படியே இருந்தது. அதாவது படிவு பழையது, வீக்கம் இல்லை.

இடது கண்: மையத் தடிப்பு 348 மைக்ரான். உள் உட்கரு அடுக்கில் கறுப்பாக நீர்க்குமிழ்கள், மையப் பள்ளத்தின் அடியில் மெல்லியதொரு நீர்ப்படலம். மையத்தைத் தொட்ட மாகுலா வீக்கம்.

முதல் குறிப்பு சந்தேகித்தது வலதை, நோய் இருந்தது இடதில். இது அபூர்வமான விந்தை அல்ல. ஃபண்டஸ் படத்தை மட்டும் வைத்து மாகுலா வீக்கம் என்று அனுப்பப்படுபவர்களில் கணிசமானவர்களுக்கு ஓ.சி.டி.யில் வீக்கம் இருப்பதில்லை. வீண் அலைச்சலைத் தவிர்க்க, சந்தேகத்துக்குரியவர்களுக்கு மட்டும் ஓ.சி.டி. எடுக்கும் இடைநிலைக் கிளினிக்குகளைச் சில திட்டங்கள் ஏற்படுத்தியிருப்பது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். மறுபக்கம்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. படிவே இல்லாமல் வீங்கிய கண்ணைப் படம் அனுப்பவே அனுப்பாது. இவருக்குப் பார்வை 6/9 என்பது ஒரு சிறு துப்பு. அதைக் கண்புரையின் கணக்கில் எழுதிவிட்டிருந்தால் துப்பும் போயிருக்கும்.

ஓ.சி.டி.யின் எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தடிப்பு என்பது இரண்டு கோடுகளுக்கு இடையிலான தூரம். அடிக்கோட்டை எங்கே போடுவது என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு உண்டு. எனவே ஒரே கண்ணை ஒரே நாளில் அளந்தாலும் எண் மாறும். மையத்தைத் தொட்ட வீக்கம் என்று ஆய்வுகள் வைத்த எல்லையே ஸ்பெக்ட்ராலிஸ் கருவியில் ஆண்களுக்கு 320, பெண்களுக்கு 305 மைக்ரான். சிர்ரஸில் 305, 290. பழைய ஸ்ட்ராட்டஸில் இருபாலருக்கும் 250. மேலே சொன்ன 348 ஸ்பெக்ட்ராலிஸ் எண். சிகிச்சை தொடங்கிய பிறகு இந்த நோயாளி வேறோர் இடத்தில் சிர்ரஸில் எடுத்த தாளைக் கொண்டுவந்து, "உங்கள் கணக்கைவிட இவர்கள் கணக்கில் பதினாறு குறைந்திருக்கிறது, அங்கேயே பார்த்துக்கொள்ளட்டுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கணக்கெழுதுபவர் அல்லவா. குறைந்தது கண்ணில் இல்லை, கோட்டில். தொடர் கண்காணிப்பு என்றால் கருவி மாறக்கூடாது. கருவி மாறினால் பழைய எண்ணை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். எண்ணைப் படிப்பதற்கு முன் குறுக்குவெட்டுப் படத்தில் கணினி போட்ட கோடு சரியான அடுக்கில்தான் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். நீர் நிறைந்த கண்ணில் அது அடிக்கடி வழிதவறும்.

விளிம்புவரை

இதுவரை பார்த்ததெல்லாம் நடுப்பகுதி. ஏழு படங்களைச் சேர்த்தாலும் கிடைப்பது சுமார் 75 டிகிரி, விழித்திரைப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அகன்ற புல லேசர் கேமராக்கள் நீள்வட்ட ஆடியின் உதவியால் ஒரே படத்தில் 200 டிகிரி காட்டுகின்றன. தயாரிப்பாளரின் கணக்கில் இது பரப்பில் 82 சதவீதம். பரவலாக உள்ள மாதிரிகள் சிவப்பு, பச்சை லேசர்களைக் கொண்டே வண்ணத்தைக் கட்டுவதால் படம் பச்சை கலந்த செம்மண் நிறத்தில் வரும். ஃபண்டஸ் படத்துக்குப் பழகிய கண்ணுக்கு முதலில் சற்று அன்னியமாக இருக்கும். உலக உருண்டையைத் தாளில் விரித்த வரைபடத்தில் துருவத்தை ஒட்டிய நிலங்கள் பெருத்துத் தெரிவதுபோல், விளிம்பில் உள்ள புண்களும் உண்மை அளவைவிடப் பெரிதாகத் தெரியும். அங்கே அளவெடுப்பதென்றால் மென்பொருள் திருத்தம் தேவை.

வலது கண்ணில் புதிதாக எதுவும் இல்லை. இடது கண்ணின் முதல் படத்தில் கீழ்ப்பகுதி முழுவதும் இமைமுடிகளின் நிழல். படமெடுத்த தொழில்நுட்பர் அதை ஏற்கவில்லை. நோயாளியின் தாடையை மீண்டும் ஒருமுறை சரியாக வைக்கச் சொல்லி, கீழிமையைப் பஞ்சுக் குச்சியால் மெல்ல இழுத்துப் பிடித்து, மீண்டும் எடுத்தார். அந்த இரண்டாவது படத்தில், மூக்குப் பக்கம் கீழே, ஏழு படங்களின் எல்லைக்கு அப்பால், வட்டின் கால்பங்கு பரப்பில் ஒரு சிறு இரத்தக்குழாய்ச் சிக்கல் தெரிந்தது. கருவியின் விலையைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தப் பஞ்சுக் குச்சியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் என்றால் என்ன சிக்கல்? விழித்திரைக்குள்ளேயே விரிந்து நெளிந்த பழைய நுண்குழாய்கள் என்றால் நோய் முற்றிவருகிறது என்று பொருள். விழித்திரையின் மேற்பரப்பை உடைத்துக்கொண்டு வெளியே முளைத்த புதுக்குழாய்கள் என்றால் நோய் பெருகுநிலைக்குப் போய்விட்டது என்று பொருள். புதுக்குழாய்கள் எந்த நேரமும் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் நிரம்பலாம், பிற்பாடு விழித்திரையை இழுத்துப் பிரிக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. வண்ணப் படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

சாயம் சொன்னது

இந்தக் கேள்விக்குப் பழைய முறையே தெளிவான விடை தந்தது. இந்தியானா பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களாக இருந்த நொவோட்னியும் ஆல்விஸும் 1961-இல் வெளியிட்ட ஃப்ளூரெசின் ஆஞ்சியோகிராம் முறை அது. கையின் இரத்தக்குழாயில் சாயத்தை ஏற்றினால் பத்துப் பதினைந்து நொடிகளில் கண்ணை வந்தடையும். நீல ஒளி பட்டதும் பச்சையாக ஒளிரும். ஆரோக்கியமான விழித்திரைக் குழாயின் சுவர் சாயத்தை வெளியே விடாது. விட்டால் அங்கே சுவர் கெட்டிருக்கிறது. சாயமே போகாத இடத்தில் இரத்தமும் போகவில்லை.

அகன்ற புலத்தில் எடுத்தோம். இடது கண்ணின் அந்தச் சிக்கல் தொடக்கத்திலேயே பளிச்சிட்டு, நேரம் போகப்போகச் சுற்றிலும் பரந்து மங்கியது. புதுக்குழாய்தான். அதைச் சுற்றி மூக்குப் பக்கமும் கீழ்ப்பக்கமும் நுண்குழாய்களே இல்லாத கறுப்புத் திட்டுகள். வலது கண்ணிலும் விளிம்பில் சிறு திட்டுகள் இருந்தன, கசியும் குழாய் இல்லை. வண்ணப் படத்தில் எண்ணியதைவிட நுண்குமிழ்கள் இரண்டு கண்ணிலும் அதிகமாகத் தெரிந்தன. வண்ணப் படத்துக்கும் சாயப் படத்துக்கும் இடையே இப்படி வேறுபாடு இருப்பது எப்போதும் நடப்பதுதான்.

விளிம்பில் புண்கள் மிகுந்திருப்பது எதிர்காலத்தைக் காட்டுமா என்பதில் கதை நேராகப் போகவில்லை. 2015-இல் வந்த ஓர் ஆய்வு, அகன்ற புல வண்ணப் படத்தில் விளிம்புப் புண்கள் மிகுந்த கண்கள் நான்கு ஆண்டுகளில் மற்றவற்றைவிடப் பல மடங்கு வேகமாக முற்றியதாகச் சொன்னது. அமெரிக்காவில் பல மையங்கள் சேர்ந்து நடத்தி 2022-இல் வெளியிட்ட புரோட்டோகால் ஏ.ஏ. என்ற ஆய்வு அதை அப்படியே உறுதிசெய்யவில்லை. வண்ணப் படத்தில் கண்ட விளிம்புப் புண்களுக்கும் நோய் முற்றுவதற்கும் தொடர்பு தெரியவில்லை. சாயப் படத்தில் கண்டவற்றுக்குத் தெரிந்தது. எனவே அகன்ற புலக் கேமராவை வாங்கி வண்ணப் படத்தோடு நிறுத்திக்கொள்பவர், அந்தக் கருவி தரக்கூடிய பாதி விடையைத்தான் பெறுகிறார் என்பது என் கருத்து. எல்லோருக்கும் சாயம் ஏற்றச் சொல்லவில்லை. வண்ணப் படம் ஐயம் எழுப்பும் இடத்தில் தயங்கக்கூடாது.

தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு. சிலருக்கு ஊசி போட்ட சற்று நேரத்தில் குமட்டும். இவருக்கும் குமட்டியது, மூச்சை இழுத்து விடச் சொன்னோம், அடங்கியது. தோலும் சிறுநீரும் மஞ்சளாகும், முன்கூட்டியே சொல்லாவிட்டால் வீட்டுக்குப் போய் அலறுவார்கள். தோலில் தடிப்பு வரலாம். மிக அரிதாக உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வரலாம். அதற்கான மருந்தும் ஆளும் அருகில் இல்லாத இடத்தில் இதைச் செய்யக்கூடாது.

சாயம் இல்லாத ஆஞ்சியோகிராம்

ஓ.சி.டி. ஆஞ்சியோகிராம் ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் படித்து, இரண்டு வாசிப்புகளுக்கு இடையே மாறியது எது என்று பார்க்கிறது. திசு மாறுவதில்லை, ஓடும் இரத்தம் மாறுகிறது. மாறிய புள்ளிகளைச் சேர்த்தால் குழாய்களின் வரைபடம். ஊசி இல்லை, ஒவ்வாமை இல்லை, வேண்டும்போதெல்லாம் எடுக்கலாம். நுண்குழாய்களின் மேல்பின்னலையும் ஆழ்பின்னலையும் தனித்தனியே காட்டும். சாயப் படத்தில் இவை ஒன்றன்மேல் ஒன்றாகவே தெரியும்.

6 மில்லிமீட்டர் சதுரத்தில் எடுத்தோம். இடது கண்ணில் மையத்தைச் சுற்றியுள்ள குழாயற்ற வட்டம் விரிந்து, ஓரங்கள் கிழிந்ததுபோல் இருந்தது. ஆழ்பின்னலில் இடைவெளிகள் அதிகம். வலது கண்ணின் வட்டத்திலும் ஓரிடத்தில் ஓரம் உடைந்திருந்தது, பார்வை 6/6 இருந்தபோதிலும். வண்ணப் படத்தில் இதற்கான அறிகுறியே இல்லை.

ஆனால் புதுக்குழாய் இந்தச் சதுரத்துக்குள் வரவில்லை. கசிவு என்ற செய்தியை இந்த முறை தருவதே இல்லை. இரத்தம் மிக மெதுவாக ஓடும் நுண்குமிழ்களைத் தவறவிடும். நோயாளி ஒருமுறை கண்ணை அசைத்தால் படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு. மேல்பின்னலின் நிழல் ஆழ்பின்னலில் விழுந்து, இல்லாத குழாயை இருப்பதாகக் காட்டும். படத்தின் அழகில் மயங்கி இதையெல்லாம் மறந்துவிடுகிறோம். இந்த நிகழ்வில் அன்றைய முடிவை இது மாற்றவில்லை. ஆனால் சிகிச்சைக்குப் பிறகு இடது கண்ணின் பார்வை எவ்வளவு ஏறும், எங்கே நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல உதவியது. அதை நோயாளியிடம் முதலிலேயே சொல்லிவைத்தோம்.

கணினியிடம் கேட்டிருந்தால்

முதல் படங்களைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சக மருத்துவர் ஒருவர் கேட்டார். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஏப்ரலில், மருத்துவர் பார்க்காமலேயே முடிவு சொல்லும் ஐ.டி.எக்ஸ்.-டி.ஆர். மென்பொருளுக்கு அனுமதி கொடுத்தது. அதன் முன்னோக்கு ஆய்வில், இலேசான நிலையைத் தாண்டிய நோயைக் கண்டுபிடிக்கும் திறன் 87.2 சதவீதம், நோய் அந்த அளவுக்கு இல்லாதவரைச் சரியாக ஒதுக்கும் திறன் 90.7 சதவீதம். ஆயிரம் பேரில் நூறு பேருக்கு அத்தகைய நோய் இருப்பதாக வைத்துக்கொண்டால், சுமார் 13 பேர் தவறுவார்கள், 84 பேர் தேவையில்லாமல் மேல் பரிசோதனைக்குப் போவார்கள். யாரும் பார்க்காமல் நூறு பேரும் தவறுவதோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய முன்னேற்றம்.

நம் நோயாளியின் இடது கண் படத்தை அது பெரும்பாலும் தரம் போதாது என்று திருப்பி அனுப்பியிருக்கும். பாப்பாவை விரித்து எடுத்த படங்களுக்கு, மேல் பரிசோதனை தேவை என்று சொல்லியிருக்கும். இரண்டுமே சரியான விடைகள். புதுக்குழாயை அது கண்டிருக்காது, ஏனென்றால் புதுக்குழாய் அந்தப் படத்திலேயே இல்லை. படத்தின் சட்டகத்துக்குள் வராததை மனிதனும் காண முடியாது, கணினியும் காண முடியாது.

முடிவும் சிகிச்சையும்

இறுதிக் கணிப்பு: வலது கண்ணில் நடுத்தர நிலை, மாகுலா வீக்கம் இல்லை. இடது கண்ணில் பெருகுநிலை, மையத்தைத் தொட்ட மாகுலா வீக்கம், மாகுலாவில் இரத்த ஓட்டக் குறைவு.

வலது கண்ணுக்கு ஊசியும் லேசரும் தேவைப்படவில்லை. முதல் குறிப்பை நம்பிப் படிவைச் சுற்றி லேசர் வைத்திருந்தால் அது வெறும் தழும்பாக மிஞ்சியிருக்கும். இடது கண்ணில் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தை ஊசி வழியே கண்ணுக்குள் செலுத்தி, அதன் பிறகு விளிம்பு முழுவதற்கும் லேசர் என்று வரிசை வைத்தோம். பரவலான லேசர் சிகிச்சை கடுமையான பார்வையிழப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்பது 1970-களின் ஆய்விலிருந்தே தெரிந்தது. ஆனால் மாகுலா ஏற்கெனவே வீங்கியிருக்கும்போது லேசரை மட்டும் வைத்தால் வீக்கம் கூடலாம். ஓ.சி.டி. எடுக்காமல், ஆஞ்சியோகிராமை மட்டும் பார்த்து உடனே லேசர் தொடங்கியிருந்தால் 6/9 இன்னும் கீழே போயிருக்கக்கூடும்.

லேசரே வேண்டாம், ஊசி மட்டும் போதும் என்ற வழியும் இன்று உண்டு, ஆய்வுச் சூழலில் அது நன்றாகவே நின்றிருக்கிறது. ஊசியை மட்டும் நம்பியவர் நடுவில் வராமல் நின்றுவிட்டால் விளைவு மோசமாகிறது என்பதும் தெரியவந்திருக்கிறது. 13 ஆண்டுகள் கண்ணைக் காட்டாதவர் தவறாமல் வருவார் என்று எண்ண எங்களுக்குக் காரணம் இல்லை. லேசரும் சேர்த்தோம்.

சர்க்கரை மருத்துவருக்கும் எழுதினோம். எச்.பி.ஏ.1.சி. வேகமாக இறங்கும் முதல் மாதங்களில் விழித்திரை நோய் தற்காலிகமாக மோசமாகலாம். அதனால் கட்டுப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, கண்ணை அடிக்கடி பார்க்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் மருந்து மாற்றப்பட்டது.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு இடது கண்ணின் மையத் தடிப்பு, அதே ஸ்பெக்ட்ராலிஸில், 291 மைக்ரான். அடிநீர் வற்றியிருந்தது. அகன்ற புலச் சாயப் படத்தில் புதுக்குழாய் சுருங்கி, கசிவு நின்றிருந்தது. பார்வை 6/9-இலேயே நின்றது. ஓ.சி.டி. ஆஞ்சியோகிராமில் கண்ட குழாயற்ற வட்டம் அப்படியே இருப்பதால் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் இல்லை.

அடுத்த வருகைகளுக்கான குறிப்பு கோப்பில் இப்படி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு கண்ணுக்கும் ஓ.சி.டி., அதே கருவியில். நான்கு மாதத்துக்கு ஒருமுறை அகன்ற புல வண்ணப் படம், கீழிமையை விலக்கிப் பிடித்து. வலது கண்ணின் விளிம்புத் திட்டுகள் பெரிதானதாக ஐயம் எழுந்தால் மட்டும் மீண்டும் சாயம். ஓ.சி.டி. ஆஞ்சியோகிராம் ஆண்டுக்கு ஒருமுறை. ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்த பரப்பு எத்தனை டிகிரி, மறைந்த பகுதி எது என்பதை எழுதிவிட்டுத்தான் கண்டதை எழுத வேண்டும்.